அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை

புற்றுநோய் ஆராய்ச்சியாளர் பூரணியின் கணவர் சிதம்பரநாதனுக்குக் கணையத்தில் கட்டி. எந்த மருந்து கொடுப்பது என்பதை எல்லா மருத்துவமனைகளையும் போல அவர் சேர்ந்திருந்த இடத்திலும் இயந்திரம்தான் முடிவு செய்தது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு எதுவோ, அதன்படிதான் அது நடக்கும். அது தேர்ந்தெடுத்தது, பூரணி இளவயதில் எழுதிப் பெயர் வாங்கிய கட்டுரையை.

"அது வேண்டாம்மா," என்றாள் பூரணி. "இவரை மாதிரி சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அந்த மருந்து ஈரலைக் கெடுத்துடும். நானே அப்புறம் இன்னொரு கட்டுரையில எழுதினேன்."

டாக்டர் ஃபர்சானா திரையைப் பார்த்தாள். "இருக்கு மேடம். ஆனா அதை யாருமே மேற்கோள் காட்டலையே. மெஷின் எடுத்துக்காது."

"எழுதினவளே சொல்றேனே."

"புரியுது மேடம். இதை வேண்டாம்னா வேற எந்த மருந்தும் தராது."

பூரணி வார்டுக்கு வந்தபோது டிரிப்ஸில் மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. சிதம்பரநாதன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "உன் மருந்தாமே! நர்ஸ் சொன்னாங்க."

அவள் எட்டிக் குழாயை அடைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"உங்க சர்க்கரைக்கு இது ஆகாதுங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் அதே மருந்து ஏறிக்கொண்டிருந்த மற்றக் கட்டில்களைப் பார்த்தார்.

"இவங்கள்லயும் சர்க்கரைக்காரங்க இருப்பாங்களே, பூரணி?"

"இருப்பாங்க."

அந்தப் பக்கம் திரும்பாமலே அவருடைய சட்டையை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள்.