காணாமல் போனவள்

கோவில்பட்டி ஓவியர் சுடலைமணியிடம் ஆறுமுகத்தாய் ஒரு பழைய கல்யாணப் போட்டோவை நீட்டினாள்.

“இந்தப் பிள்ளைய மூணு படமா வரைஞ்சு தாங்க அண்ணாச்சி. ஒண்ணுல நாப்பது வயசு, அடுத்ததுல அம்பத்தஞ்சு, கடைசியில எழுவது. மொகம் சுருங்கட்டும். கண்ணுல உள்ள வீம்பு மட்டும் அப்படியே இருக்கணும்.”

“யாரு, ஒங்க தங்கச்சியா?”

“காணாமப் போனவ அண்ணாச்சி. அவ புருசன் தெனமும் தேடுதாரு.”

படங்கள் தயாரானதும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறதி நோய் வந்ததிலிருந்து, “நீ யாரு? எம் பொண்டாட்டி எங்க?” என்று அவளிடமே கேட்கும் கணவர் உக்கிரபாண்டியின் முன்னால், கல்யாணப் போட்டோவில் தொடங்கி வரிசையாக வைத்தாள்.

ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தவர், கடைசிப் படத்திலிருந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஏட்டி ஆறுமுகம், நீ எப்ப இப்படிக் கெழவியான?”