செல்லாத பூ

“எங்கடா பூ?”

ஈஸ்டருக்கு மறுநாள். பக்கத்துப் பண்ணைதானே என்று நானும் என் வீட்டுக்காரரும் விருந்துக்குப் போயிருந்தோம். பெண் கேட்டு வந்த வின்சென்ஸ் வாசலைத் தாண்டக்கூட இல்லை, அதற்குள் பெண்ணின் அப்பா கசியன் எழுந்து நின்று இப்படிக் கேட்டார்.

பையனின் தொப்பி காலியாக இருந்தது. செங்குத்துப் பாறை இடுக்கில் பூக்கும் மஞ்சள் பிளாட்டனிகல் பூவைப் பறித்துத் தொப்பியில் செருகிக்கொண்டு வந்தால்தான் அந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்.

“மாமா, எனக்கு வைக்கோல் பரண் ஏணியில ஏறினாலே தலை சுத்தும்.”

“தலைசுத்தலுக்கு அந்தப் பூவோட வேர்தான்டா மருந்து! மென்னுட்டு ஏற வேண்டியதுதானே?”

“வேரும் அந்தப் பாறையிலதானே மாமா இருக்கு?”

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. “பையனுக்கு ஒரு பாவாடை தைச்சுக் கொடுங்கப்பா” என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் அறுக்கிற ஆலையில் மாடாய் உழைக்கிற பிள்ளை. பயத்தை மறைக்காமல் சொன்னது ஒரு குற்றமா?

“கோழைக்கு என் பொண்ணு கிடையாது. போடா வெளியே!”

மகள் பிலோமினா விருட்டென்று எழுந்தாள். ஆணி அடித்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். எங்கேயோ உட்கார்ந்து அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

சாயங்காலக் காபி நேரத்துக்குத் திரும்பி வந்தாள். முழங்கையில் ரத்தம், பாவாடையில் கிழிசல், கையில் மஞ்சள் கொத்து. வெளியே தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த வின்சென்ஸை உள்ளே இழுத்து வந்து, அவன் தொப்பியில் செருகினாள்.

“இந்தாங்கப்பா, பூ.”

“அடிப்பாவி! நீயா ஏறினே?”

“ஏன், எனக்குக் கை கால் இல்லையா? இவர்தான் வேணும்னு நினைச்சேன், ஏறினேன்.”

“பொம்பளை பறிச்ச பூ செல்லாது! ஊர் என்னடி சொல்லும்?”

“ஊரா ஏறிச்சு? செல்லாதுன்னா சொல்லுங்க, இப்பவே இவரோட கிளம்பறேன்.”

சபாஷ் என்று கத்தத் தோன்றியது எனக்கு. வீட்டுக்காரர் முறைத்தார். போகட்டும்.

“செல்லாதுன்னா செல்லாதுதான்!” கசியன் மேஜையில் ஓங்கிக் குத்தினார். “இந்த வீட்டுக்கு நான் எப்படி மாப்பிள்ளையா வந்தேன்? தொப்பியில பூவோட வந்து உங்க தாத்தா முன்னால நெஞ்சை நிமிர்த்தி நின்னேன்டி!”

அடுப்படியில் ரொட்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நோட்பூர்கா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் நின்றாள்.

“அப்ப நம்ம கல்யாணமும் செல்லாதுங்க.”

“என்னடி உளர்றே?”

“அன்னைக்குப் பாறையில ஏறினது நான். நீங்க கீழே நின்னு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருந்தீங்க.”