மேல் வீட்டுக் காற்று

சென்னையில் காற்றைக் குழாய் வழியாக வீடு வீடாக விடத் தொடங்கிய கோடை அது. எந்த வீட்டுக்கு எந்த இடத்துக் காற்று என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். எனக்குக் கூவக்கரைக் காற்று விழுந்தது. மேல் வீட்டுத் துரைக்கண்ணுவுக்குப் பெசன்ட் நகர்க் கடற்காற்று.

நான்கு மணியானால் என் மனைவி மரகதம் பவுடர் பூசிக்கொண்டு மாடியேறிவிடுவாள்.

"காத்து வாங்கத்தானே போறேன்? உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

துரைக்கண்ணு மனைவியை இழந்தவர். எழுபது வயதிலும் தலை நிறைய முடி. அது காற்றில் பறக்கும் அழகை அவள் வர்ணித்த மறுநாள் காலை, நான் மொட்டைமாடிக்குப் போய் இரண்டு வீட்டுக் குழாய்களையும் மாற்றிச் சொருகிவிட்டு வந்தேன்.

அன்று நான்கு மணிக்கு எங்கள் கூடத்தில் காலண்டர் படபடத்தது. உதட்டில் உப்புக் கரித்தது. மரகதமோ பனையோலை விசிறியைத் தேடி எடுத்தாள்.

"இந்தக் காத்துல விசிறி எதுக்குடி?"

"மேல் வீட்டுல திடீர்னு ஒரே நாத்தமாம், போன் பண்ணார். குழாயை அடைச்சிட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருக்காராம், பாவம். கொஞ்ச நேரம் விசிறிட்டு வரேன்."

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடங்களில் எனக்கு அவள் ஒரு நாளும் விசிறியதில்லை. பெசன்ட் நகர்க் காற்றில் உட்கார்ந்தபடி வேர்வையைத் துடைத்துக்கொண்டேன்.