பெட்டி வேண்டாம், சரக்கு வேணும்

"பெட்டியைப் பிரிச்சு, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் சாதா கவர்ல போட்டுக் குடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்தார். கம்ப்யூட்டர் பாகம் வாங்க வருகிறவர்கள் சீல் கொஞ்சம் கசங்கியிருந்தாலே மூக்கைச் சுளிப்பார்கள். இந்தப் பெண் பிரிக்கவே சொல்கிறாள்!

"கவர்ல வர்றது ஓ.இ.எம். மேடம். கம்ப்யூட்டர் செய்யற கம்பெனிக்கு மொத்தமாப் போற சரக்கு. விலை கம்மி, வாரண்டி ஒரு மாசம்தான்; பெட்டிச் சரக்குக்கு மூணு வருஷம். அதையே எடுத்துக்கலாமே?"

"வேணாம். பெட்டியில இருக்கறதுதான் வேணும். ஆனா கவர்ல வேணும்."

"அது எப்படிம்மா?"

"துண்டுச் சீட்டுல ஓ.இ.எம். விலை எழுதிடுங்க. மிச்சப் பணத்தை இப்பவே தர்றேன்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இந்தத் தில்லுமுல்லெல்லாம் அவருக்குத் தெரியாததா?

"காலிப் பெட்டியில மட்டமான சரக்கைப் போட்டு யார் தலையில கட்டப் போறீங்க? அதெல்லாம் நம்ம கடையில நடக்காது."

அவள் முகம் சிவந்தது. ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

"பெட்டியை நீங்களே வெச்சுக்குங்க சார். தயவுசெஞ்சு சீக்கிரம் பிரிங்க. அவர் வந்துடுவார்."

"எவரு?"

கதவு திறந்தது. ஊன்றுகோலோடு ஒருவர் மெல்ல உள்ளே வந்தார்.

"என்ன பாப்பா, ஓ.இ.எம்.தானே எடுத்தே?"

"ஆமாண்ணே..."

அண்ணன் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல உக்காந்து கட்டட வரைபடம் போட்டுத் தர்றேன் சார். போன டிஸ்க் ரெண்டாம் மாசமே படுத்துருச்சு. வாரண்டி தாண்டிடுச்சுன்னு கையை விரிச்சுட்டாங்க. மூணு மாசம் வேலையே இல்ல. இவ பெரிய விலையில ஒண்ணு வாங்கிட்டு வந்தா, திருப்பி அனுப்பிட்டேன். கட்டிக் குடுத்த தங்கச்சி காசுல நான் பிழைக்கணுமா? என் சக்திக்கு எதுவோ அது போதும்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பணத்தை மேசைமேல் வைத்தார். அப்போதுதான் பெட்டி கண்ணில் பட்டது. புருவம் நெரிந்தது.

"இது என்ன? பெட்டியில இருக்கு?"

கடைக்காரர் பெட்டியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். மேசைக்குக் கீழே கட்டைவிரல் நகம் சீலைக் கிழித்தது.

"சரக்கு ஓ.இ.எம்.தான் சார். கவர் தீர்ந்துபோச்சு, அதான் காலிப் பெட்டியில போட்டுத் தர்றேன். உள்ள மூணு வருஷ வாரண்டி சீட்டு ஏதாவது கிடந்துச்சுன்னா அது எங்க தப்பு, நாங்க அனுபவிச்சுக்கறோம். நீங்க அதைப் பத்திரமா வெச்சுக்குங்க!"