சாய்கோடு

முகுந்தன் கிள்ளான் நகரத்துக் கிளினிக்குக்குள் நுழைந்தபோது மணி ஒன்று பத்து. எட்டு மணிக்கே வந்த அப்பா நாகையா இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. டாக்டர் இன்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள்.

கூடத்தில் அப்பாவோடு ஆறு பேர் மிச்சம். ஆறு பேரும் தமிழர்கள்.

சீனர், மலாய்க்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆறு பேர் மேலும்தான். ஐந்து மணி நேரமாக வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்களே, எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லையா? நம் சனத்தின் புத்தியே இதுதான் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தான்.

"நம்மாளுங்கன்னா கடைசியா? மேனேஜரக் கூப்பிடு லா" என்று கவுண்டரில் இருந்த ஏமியிடம் கத்தினான்.

ஏமி பயந்துபோனாள். "இல்லண்ணே, இன்னையிலேருந்து ஆப்லதான் கூப்பிடறோம். இவங்கள எல்லாம் கூப்பிட்டாச்சு, வரலன்னு காட்டுது. டாக்டர் ஒரு மணிக்கே கெளம்பிட்டாரு."

அந்த ஆப்பை எழுதியவன் முகுந்தன். பங்சார் ஆபீசில் உட்கார்ந்து அவன்தான் எழுதினான். அதில் தப்பு வர வழியில்லை.

ஏமி திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

பெயர்: நாகையா ஏ. அறை: எல் ரெங்கசாமி.

கிளினிக் அனுப்பும் பட்டியலில் பெயருக்கும் அறை எண்ணுக்கும் நடுவே ஒரு சாய்கோடு இருக்கும். முகுந்தன் ஆப்புக்கு எழுதிய கட்டளை: சாய்கோடு வரும் இடத்தில் வெட்டு, முதல் துண்டு பெயர், அடுத்தது அறை. ஒரே வரி. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பாவின் அடையாள அட்டையில் நாகையா ஏ/எல் ரெங்கசாமி என்றிருக்கிறது. ஏ/எல் என்றால் மகன்; ரெங்கசாமியின் மகன் நாகையா. இந்த நாட்டில் பெரும்பாலான தமிழர்களின் பெயருக்கு நடுவிலும் அந்தச் சாய்கோடு உண்டு.

ஆப் அங்கேயே வெட்டிவிட்டது. செத்து இருபது வருடமான தாத்தாவை ஓர் அறையாக்கி, அப்பாவை அங்கே போகச் சொல்லியிருந்தது. 'நாகையா ஏ' என்ற பெயரில் யாரும் இல்லாததால் எந்தப் போனும் அடிக்கவில்லை.

நாற்பது பெயர்களைப் போட்டுச் சோதித்தவன்தான். லிம், அமினா, வோங், ரோஸ்லி. தமிழுக்கு ஒன்று வேண்டுமே என்று தன் பெயரையே போட்டான். முகுந்தன் நாகையா. வேலை தேட ஆரம்பித்த நாளிலேயே ஏ/எல்லைக் கழற்றிப் போட்டிருந்தான், ரப்பர் தோட்டத்துக் கூலி வாடை அடிக்கிறது என்று.

அடுத்த தேதி எப்போது என்று கேட்டான். பிப்ரவரி, இன்னும் மூன்று மாதம் என்றாள் ஏமி.

அப்பாவின் முன்னால் போய் நின்றான். டாக்டர் போய்விட்டார் என்று மட்டும் சொன்னான்.

அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தார்.

"இவங்க காலையிலேயே கேக்கப் போனாங்கப்பா. நான்தான் விடல. எம்மவன் செஞ்ச ஆப்பு, தானா கூப்பிடும், உக்காருங்கன்னு சொல்லி உக்கார வெச்சுட்டேன்."

ஐந்து பேரும் முகுந்தனை நிமிர்ந்து பார்த்தார்கள்.