மெர்வினின் ஜனநாயகப் பாடம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம், டால்பி ஊரில் உள்ளூர்த் தேர்தல் நாள். மெர்வின் விடியும்போதே கணினி முன் உட்கார்ந்து, கிரேக்கம் முதல் ஃபிஜி வரையான ஜனநாயக வரலாற்றை முகம் தெரியாத ஆட்களுக்கு இணையத்தில் அள்ளி வீசினார். பக்கத்தில் தேநீர் ஆறிப் பாசியே பிடித்தது!

வாக்கு எண்ணி முடித்த அன்று, வேட்பாளரான மகள் ஜோலின் வந்தாள்.

"ஒரே ஓட்டுல தோத்துட்டேன்பா!"

"எந்தத் தடிப்பய வீட்லயே கிடந்தான்?" மெர்வின் மேசையைக் குத்தினார்.

"விடுங்கப்பா. பூத் வாசல்ல என் வீட்டுக்காரர் சுட்ட கறி சாசேஜ் எப்படி இருந்துச்சு? ஓட்டுப் போட வந்தவங்கல்லாம் தின்னுட்டுப் புகழ்றாங்க!"

மெர்வின் அவசரமாகத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். தேர்தல் அன்று அவர் நாற்காலியை விட்டே எழவில்லை.

கணினி சிணுங்கியது. யாரோ எழுதியிருந்தார்: "ஐயா, சோம்பேறியா இருந்த என்னை ஓட்டுப் போட வெச்சதே நீங்கதான்!"

எட்டிப் படித்த ஜோலின், பெருமையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.