மாமியா எடுத்த படம்

"அவன் நிக்குற படத்துல நான் நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மாடக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். தென்காசியில் தங்கை அனுசியா கட்டிய புது வீட்டுக்கு அன்றைக்குப் பால்காய்ப்பு. அவர் 'அவன்' என்றது உடன்பிறந்த தம்பி மணிமுத்துவை.

சொத்துச் சண்டை ஒன்றும் இல்லை. முன்னொரு வருடம் கோயில் கொடை விழாவுக்குத் தம்பி வைத்த பிளெக்ஸில் ஊரில் உள்ள அத்தனை பேர் படமும் இருந்தது, அண்ணன் படம் மட்டும் இல்லை. அச்சடித்தவன் விட்டுவிட்டான் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். அண்ணன் நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இன்று காலையில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனபோதுகூட அண்ணன் ஐந்தருவிக்குப் போனார், தம்பி பழைய குற்றாலத்துக்குப் போனான். தண்ணீர் என்ன பாவம் செய்ததோ!

"அய்யாவும் அம்மையும் போனபொறவு நாம மூணு பேரும் சேந்தாப்ல ஒரு படம்கூட இல்லண்ணே. புது வீட்டுச் சுவத்துல மாட்டணும். எனக்காவ ஒரு தடவ நில்லுண்ணே" என்று அனுசியா கெஞ்சினாள்.

"எங்கூட ஒண்ணு எடு, அவங்கூட ஒண்ணு எடு. சுவர் பெருசாத்தான கெடக்கு?"

அனுசியாவின் கணவன் குற்றாலீஸ்வரன் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் காத்திருந்தான். ஜப்பான்காரன் எழுபது வருடத்துக்கு முன் செய்த மடக்கு கேமரா. முன்பக்கக் கதவைத் திறந்தால் ஆர்மோனியம் மாதிரி துருத்தி நீளும். கம்பெனி பெயர் மாமியா.

"மாமியா இல்லாத வீடுன்னு சந்தோசமா இருந்தேன். அதையும் வெலை குடுத்து வாங்கிட்டு வந்துட்டாரு" என்று அனுசியா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவனோ அதைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டான்.

வேறு வழி இல்லை. அனுசியா ஹாலில் நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தாள். அண்ணனும் மதினியும் இடப்பக்கம் நின்றார்கள். கிளிக். அவர்கள் வெளியே போனதும் தம்பியும் அவன் மனைவியும் வந்து வலப்பக்கம் நின்றார்கள். கிளிக்.

சென்னைக்கு அனுப்பிய பிலிம் கழுவி, பிரிண்டாகி வந்தது. அனுசியா கவரைப் பிரித்தாள். உள்ளே அண்ணன் தம்பி படம் இரண்டுக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. எல்லோரும் புகையில் நிற்பதுபோல் மங்கலாக இருந்தார்கள். அண்ணன் சட்டைக்குள்ளே ஜன்னல் கம்பி தெரிந்தது. நடுவில் அவள் மட்டும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க இது? ரெண்டு படம்லா எடுத்தீங்க?"

குற்றாலீஸ்வரன் தலையைச் சொறிந்தான். "பிலிமைச் சுத்த மறந்துட்டேன் போலுக்கு. நம்ம கேமராவுல சுத்துறது தனி, கிளிக் பண்ணுறது தனி. சுத்தாம எடுத்தா மொத படத்து மேலேயே அடுத்ததும் விழுந்துரும்."

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற மனுசன், இதை மறந்தாரா? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்றும் தெரியவில்லை. ஆசைப்பட்ட படம்தான். ஆனால் அண்ணன் பார்த்தால் இந்த வீட்டு வாசலையே மிதிக்கமாட்டாரே!

படம் வந்த சேதி கேட்டு, அண்ணன் மறுநாளே தன் ஊர் வடகரையிலிருந்து பைக்கில் வந்து நின்றார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"என்ன மாப்ளே, இதான் ஒம்ம லெச்சணமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? கடைசியில அவங்கூடக் கொண்டு நிப்பாட்டிட்டீரே! ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் தெரியல, இதுல ஜப்பான் கேமரா வேற!"

குற்றாலீஸ்வரன் கேமராவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

அனுசியா பதறிப்போனாள். "கோவப்படாதண்ணே. குடு, கிழிச்சுப் போட்டுருதேன்."

அண்ணன் படத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏட்டி, ஒன் மூஞ்சியும் சேந்துல்லா கிழியும்? எடுத்தது எடுத்தாச்சு. பிரேம் போட்டு மாட்டித் தொலை." கதவுப் பக்கம் போனவர் திரும்பினார். "அவனுக்கும் அனுப்பிட்டியோ?"

"ஆமாண்ணே. வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வச்சிருக்கான்."

"வப்பான், வப்பான்" என்றபடி பைக்கை உதைத்தார்.

பைக் தெரு திரும்பியதும் அனுசியா கணவன் மேல் பாய்ந்தாள். "உங்களால இன்னிக்கு எனக்குப் பாதி உசுரு போயிட்டு! எங்க அண்ணன் எவ்வளவு ரோசக்காரர்னு தெரியும்லா? நல்லவேள, தப்பிச்சேன். அந்தப் பிலிமை ஒரு சுத்துச் சுத்த என்ன கேடு?"

"சுத்தத்தான் போனேன் அனு. நீ தம்பியக் கூப்புட்டுட்டு இருந்தே. ஒங்க அண்ணன் பக்கத்துல வந்து, 'இதைச் சுத்தலன்னா என்ன மாப்ளே ஆவும்'னு கேட்டாரு. ரெண்டு படமும் ஒண்ணா விழுந்துரும் மச்சான்னேன்."

"அதுக்கு?"

"'அப்போ சுத்தாதேயும்'னுட்டு, விறுவிறுன்னு வெளிய போயிட்டாரு."